கடல் தாண்டி வரும் மாமியாருக்கு ஒரு வேலை

ஜப்பானிலிருந்து மாமியார் வருகிறார் என்று சொன்னால் ஜொகூரின் கெலாங் பாத்தாவில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “எங்கெங்கே சுத்திக் காட்டப் போறீங்க, டீச்சர்?” லெகோலேண்ட் கால் மணி நேர ஓட்டம். ஃபாரஸ்ட் சிட்டியின் உயரக் கட்டடங்கள் இன்னொரு பக்கம். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். காட்டுவதற்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் மகன் வீட்டைத் தேடிக் கடல் கடந்து வருவது கட்டடம் பார்க்கவா? மூன்று நாள் காரில் ஏற்றி இறக்கினால் அவருக்குக் கால் வீங்கும், நமக்கு விடுப்பு தீரும். நான்காம் நாள் காலையில் அவர் சோபாவின் ஓரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்து என்ன என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த நான்காம் நாளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

இந்தக் கவலை இப்போது என் வீட்டுக் கவலை மட்டும் இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது இந்த வட்டாரம் ரப்பரும் செம்பனையும் சதுப்பு நிலமுமாக இருந்தது. 1998இல் தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து துவாஸுக்கு இரண்டாவது பாலம் திறந்தது. பிறகு தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் வந்தது. 2011இல் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியும் 2012இல் மார்ல்பரோ கல்லூரியும் வந்தன. துறைமுகத்துக்கும் கல்லூரிகளுக்கும் வேலைக்கு வந்தவர்களில் சிலர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டும் பிலிப்பீன்ஸ் மருமகள், ஆங்கிலேய மருமகன், சீன மருமகள் என்று பல வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டில் ஒரு முறையாவது எங்கிருந்தோ ஓர் அம்மா பெட்டியோடு வந்து இறங்குகிறார்.

என் கணவர் ஜப்பானியர். துவாஸில் பொறியாளர். அவருடைய அம்மா, நான் ஒகாசான் என்று கூப்பிடும் என் மாமியார், ஃபுகுவோகா மாநிலத்தில் யாமே என்னும் ஊரைச் சேர்ந்தவர். தேயிலைக்குப் பெயர் போன ஊர். வீட்டு வழிபாட்டு மாடங்களும் காகித விளக்குகளும் அங்கே பரம்பரைத் தொழில். அப்பா தவறிய பிறகு என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். பால்மரம் வெட்டியும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியும் எங்களை வளர்த்தவர். ஆக, மாமியார் வந்துவிட்டால் ஒரே கூரையின் கீழ் இரண்டு சம்பந்திகள், ஓர் அடுப்படி.

முதலில் பயணத்து விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், இவை சரியாக இருந்தால்தான் மற்றதைப் பற்றி யோசிக்கவே முடியும். ஃபுகுவோகாவிலிருந்து வருகிறவருக்கு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையம் சாங்கிதான். எனவே ஒரே நாளில் இரண்டு நாடுகளுக்குள் நுழைய வேண்டும். சிங்கப்பூருக்கு ஒரு மின்னியல் வருகை அட்டை. மலேசியாவுக்கு, 2024இலிருந்து கட்டாயமான இன்னொன்று. இரண்டையும் வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். அரசாங்கப் பக்கம்போல வேடம் போட்டுக் கட்டணம் கேட்கும் பக்கங்கள் இருக்கின்றன, வயதானவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். நாமே இங்கிருந்து நிரப்பி அனுப்பிவிடுவது நல்லது. ஜப்பானியக் கடப்பிதழ் உள்ளவர் விசா இல்லாமல் 90 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். பாலத்தில் வெள்ளிக்கிழமை மாலையும் பள்ளி விடுமுறைத் தொடக்கமும் நெரிசல். விமானச் சீட்டு எடுக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காருக்குள் கழிப்பறை இல்லாமல் இரண்டு மணி நேரம் காத்திருப்பது அந்த வயதில் பெரிய துன்பம்.

மருந்து முக்கியம். சில வகைத் தூக்க மாத்திரைகளையும் வலி மாத்திரைகளையும் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முன்னனுமதி வேண்டும். இங்கே தங்குவதற்காக வருகிறவர்கூட வழியில் சிங்கப்பூரை மிதிப்பதால் அது அவருக்கும் பொருந்தும். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லுங்கள். பயணக் காப்புறுதி இல்லாமல் யாரையும் வரவழைக்காதீர்கள். மின்சாரமும் வேறு. ஜப்பானில் 100 வோல்ட், தட்டையான இரண்டு கால் பிளக். நம் வீட்டில் 230 வோல்ட்டுக்கு மேல் வரும், மூன்று கால் பிளக். கைப்பேசி சார்ஜர் தாங்கும். முடி உலர்த்தியும் அங்கிருந்து அன்போடு தூக்கி வரும் அரிசிக் குக்கரும் கருகிவிடும்.

இதெல்லாம் பட்டியல் போட்டு முடித்துவிடக் கூடிய வேலை. வீட்டுக்குள் வந்த பிறகு நடப்பதற்குப் பட்டியல் கிடையாது.

முதல் சிக்கல் இருட்டு. ஜப்பானின் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. யாமேயில் காலை ஆறு மணிக்கு எழுந்து பழகியவருக்கு இங்கே ஐந்துக்கே விழிப்பு வந்துவிடும். இங்கோ பொழுது விடிய ஏழாகிறது. சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒட்ட வேண்டும் என்று 1982 ஜனவரி 1இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் சூரியன் நமக்குத் தாமதமாகத்தான் வருகிறது. ஆக, இரண்டு மணி நேரம் அந்நிய வீட்டில், இருட்டில், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். நம் வீட்டு அமைப்பும் ஒத்துழைக்காது. வாசலில் இரும்புக் கிரில், அதில் பூட்டு, வெளிக் கேட்டில் இன்னொரு பூட்டு. இங்கே பிறந்த நமக்கு அது பாதுகாப்பு. புதிதாக வருகிறவருக்கு அடைத்துவைத்த மாதிரி இருக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் மாமியார் வந்த அன்று இரவே மூன்று காரியங்கள் நடக்கும். வீட்டுச் சாவிக்கொத்து ஒன்று அவர் கையில் போகும். அடுப்படி விளக்கும் கேஸ் அடுப்பும் எப்படி எரியும் என்று அவரே போட்டு அணைத்துப் பார்ப்பார். ஆறு மணிக்குச் சற்று முன்னே சூராவிலிருந்து, அதாவது பக்கத்துத் தொழுகைக் கூடத்திலிருந்து, பாங்கு ஒலிக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவைப்போம். இப்போதெல்லாம் நாங்கள் எழுந்து வரும்போது அவர் வாசலைக் கூட்டி, தேநீர் குடித்து, என் அம்மாவின் துளசிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருப்பார். சாவி கொடுப்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தன் வீட்டில் எத்தனையோ ஆண்டு சாவி வைத்திருந்த பெண் அவர்.

அன்பளிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானிய அம்மாக்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். எங்கள் வரிசையில் பாதி வீடுகள் மலாய்க்காரர்களுடையவை. ஜப்பானிய மிட்டாய்களில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினும் கேக்கில் மதுவும் இருப்பது சாதாரணம். அங்கே கடையில் விற்கும் குழம்புக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இருக்கின்றன. அவை என் அம்மாவுக்கும் ஆகாது, பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும் ஆகாது. கொடுத்த பிறகு சொன்னால் கொடுத்தவரும் வாங்கியவரும் கூனிப்போவார்கள். முன்பே சொல்லிவிட்டால் மிக எளிது. ஒகாசான் இப்போது யாமேயின் தேயிலைப் பொட்டலங்களை மட்டும் கொண்டு வருகிறார். அது எல்லார் வீட்டுப் படியும் ஏறுகிறது. பதிலுக்கு மலாய் வீடுகளிலிருந்து குவே பலகாரம் வருகிறது. அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அதில்தான் தெருவில் அவருக்குப் பழக்கம் உண்டாயிற்று.

சாப்பாட்டு மேசையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இலையில் வைத்ததை மிச்சம் வைக்காமல் முடிப்பது அவர்கள் ஊர் மரியாதை. இலை காலியாக இருந்தால் மறுபடி பரிமாறுவது நம் ஊர் மரியாதை. முதல் முறை வந்தபோது என் அம்மா வைக்க வைக்க ஒகாசான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். முகம் சிவந்து வியர்த்தபோதுதான் கணவர் கவனித்து நிறுத்தினார். போதும் என்றால் இலையைத் தன் பக்கமாக மடிக்கலாம் என்று என் மகள்தான் பாட்டிக்குச் செய்து காட்டினாள். நம் பக்கமும் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. சோற்றில் குச்சியை நட்டு வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் அவர்களுக்குச் சாவுச் சடங்கு. பிள்ளைகள் விளையாட்டாகச் செய்துவிடுவார்கள், அப்பாதான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

காரம் பற்றி நாங்கள் கவலைப்பட்ட அளவு அவர் படவில்லை. கியூஷு தீவுக்காரர்களுக்குப் பச்சை மிளகாயை யூஸு என்னும் எலுமிச்சைத் தோலோடும் உப்போடும் அரைத்து வைக்கும் பழக்கம் உண்டு. பாகற்காயும் தெரியும், வெண்டைக்காயும் தெரியும். தெரியாதது முருங்கை. முதல் வாரத்திலேயே என் அம்மா ஒரு கொத்து முருங்கைக் கீரையை அவர் முன்னே வைத்து, பாதியைத் தானும் எடுத்துக்கொண்டு உருவ ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து இரண்டு பேர் மடியிலும் கீரை குவிந்திருந்தது. “நல்லா செய்யறாங்க, காம்பே வரலே” என்று அம்மா என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து மாலைக் கீரை வேலை ஒகாசானுடையது.

அடுப்படி அவ்வளவு சுமுகமாகவே போய்விடவில்லை. ஒரு நாள் நாங்கள் பள்ளியிலிருந்து திரும்பியபோது ஒகாசான் அலமாரிகளை எல்லாம் துடைத்து, டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கியிருந்தார். உதவிதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கடுகை எடுக்கும் என் அம்மாவுக்குக் கடுகு அகப்படவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போய்விட்டார். அப்படிப்பட்ட அமைதியை எந்த வீட்டிலும் இரவைத் தாண்ட விடக் கூடாது. அன்று இரவே ஜன்னலோரத்துக் கீழ்த் தட்டு இரண்டையும் ஒகாசானுக்கு ஒதுக்கினோம். அவருடைய மிசோ, கடற்பாசி, சோயா எல்லாம் அங்கே. மற்ற தட்டுகளில் யாரும் கைவைப்பதில்லை. அவர் ஊருக்குப் போன பிறகும் அந்தத் தட்டுகளை நாங்கள் காலி செய்யவில்லை. வருகிறவருக்கு அறை ஒதுக்க எல்லாருக்கும் தோன்றும். அடுப்படியில் ஒரு தட்டு ஒதுக்கத்தான் தோன்றாது.

அந்தத் தட்டில்தான் தவிட்டுத் தொட்டி வந்தது.

ஜப்பானில் பழைய வீடுகளில் அரிசித் தவிட்டில் காய்கறி ஊறவைப்பார்கள். ஒகாசானின் தொட்டி அவருடைய மாமியார் கொடுத்தது. அதை விமானத்தில் கொண்டுவர முடியாது. இங்கே புதிதாகப் போட்டுக்கொள்கிறேன், தவிடு மட்டும் வேண்டும் என்றார். கோழித் தீவனக் கடையில் கிடைத்ததைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் ஆலையிலிருந்து வந்த சில நாளில் சிக்கடித்துவிடும். கடைசியில் கெடாவில் இருக்கும் சித்தப்பா அரிசி ஆலையில் புதுத் தவிடு வாங்கிப் பேருந்தில் போட்டு அனுப்பினார். வந்த அன்றே வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தார்கள். வீடெல்லாம் மணம். மாட்டுக்கு வைக்கிற தவிட்டை மனுஷர் வறுக்கிறார்களே என்று என் அம்மாவுக்கு ஆச்சரியம்.

கணக்கு இது: ஒரு கிலோ தவிட்டுக்கு 130 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆறவைத்த வெந்நீர். ஒரு துண்டுக் கடற்பாசி. கிருமி அண்டாமலிருக்க நாலு வத்தல் மிளகாய், அது என் அம்மாவின் டப்பாவிலிருந்து வந்தது. ஈர மணல் பதத்துக்குப் பிசைந்து, முதலில் வீணாகும் முட்டைக்கோஸ் இலை, முள்ளங்கித் தோல் இவற்றைப் புதைத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காய்கறியில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் தவிட்டில் பெருகிப் புளிப்பு ஏறுவதற்கான ஏற்பாடு அது. இரவு நீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் நடப்பதும் அதே வகைப் புளிப்புதான். பிறகு தினமும் வெறுங்கையால் அடிவரை கிளற வேண்டும். மேல்பரப்பில் காற்றை விரும்பும் பூஞ்சை படரும், அடியில் காற்று வேண்டாத நுண்ணுயிர் நாற்றம் எழுப்பும். இரண்டையும் புரட்டிப் போட்டால்தான் சமநிலை. அதற்கு ஏற்ற வெப்பம் 20இலிருந்து 25 டிகிரி. கெலாங் பாத்தாவில் அந்த வெப்பம் எந்த மாதத்திலும் கிடையாது. எனவே காலை, மாலை இரண்டு முறை கிளறல், அதிகம் புளித்தால் ஓரிரு நாள் குளிர்சாதனப் பெட்டியில் ஓய்வு. பிஞ்சு வெள்ளரிக்காய் இங்கே சில மணி நேரத்தில் ஊறிவிடுகிறது. கத்திரிக்காயின் நீலம் மங்காமலிருக்க ஓர் இரும்பு ஆணியைக் கழுவித் தொட்டியில் போட்டு வைக்கிறார்.

காலை முறை ஒகாசானுடையது. மாலை முறையை ஒரு நாள் என் அம்மா கேட்காமலே எடுத்துக்கொண்டார். முழங்கை வரை தவிடு ஒட்டிய கையோடு இரண்டு பேரும் தொட்டியை எட்டிப் பார்த்து விவாதிப்பார்கள், ஒருவர் தமிழில், ஒருவர் ஜப்பானியத்தில். உப்பு போதுமா, புளிப்பு ஏறிவிட்டதா என்பதெல்லாம் நாக்கில் வைத்தால் தெரிகிற விஷயங்கள். ஒகாசான் ஊருக்குப் போனபோது தொட்டியை என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வாரம் ஒரு முறை காணொளி அழைப்பில் மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. என் மாமியாரும் என் அம்மாவும் பேசிக்கொள்ள இப்போது நான் தேவையில்லை. இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஏனென்றால் கலப்புத் திருமணக் குடும்பங்களில் பெரும்பாலும் மகன்தான் பாலம். அம்மா சொல்வதை மனைவிக்கும் மனைவி சொல்வதை அம்மாவுக்கும் அவர் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். வேலை முடிந்து களைத்து வரும் மனிதர் பாதியைச் சுருக்குவார், கசப்பானதை விழுங்குவார். கடைசியில் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் அவர் வாய்வழி மட்டுமே அறிந்திருப்பார்கள். எனக்கு ஜப்பானியம் ஓரளவு வரும், இருந்தும் முதல் வருகையில் நாங்களும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினோம். கையில் ஒரு வேலை வந்ததும்தான் அது மாறியது.

இதை நினைக்கும்போது தோக்கியோவின் ஷின்ஜுகுவில் இருந்த ஒரு ரொட்டிக் கடைக் குடும்பம் எனக்கு ஞாபகம் வரும். 1915இல் பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து தப்பி ஜப்பானுக்குப் போன ராஷ் பிகாரி போஸை நாட்டைவிட்டு அனுப்ப உத்தரவானபோது, நகமுராயா என்ற அந்தக் கடையின் உரிமையாளர்களான சோமா ஐஸோவும் அவர் மனைவி சோமா கொக்கோவும் கடைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தில் அவரை ஒளித்து வைத்தார்கள். 1918இல் தங்கள் மகள் தொஷிகோவையே அவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முன்பின் தெரியாத வங்காளி ஒருவரை மருமகனாக ஏற்ற அந்த மாமியாரின் துணிவு சாதாரணமானதில்லை. தொஷிகோ 1925இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஆனாலும் உறவு அறுபடவில்லை. 1927இல் நகமுராயாவில் உணவகம் தொடங்கியபோது போஸ் சொல்லிக்கொடுத்த கோழிக் குழம்பும் சோறும் அங்கே விற்பனைக்கு வந்தன. இன்றும் அந்தக் கடையின் பெயர் சொல்லும் உணவு அதுதான். மருமகனுக்கு அந்த வீட்டின் தொழிலில், அடுப்பில் இடம் கிடைத்தது என்பதை நான் கவனிக்கிறேன்.

அதே ராஷ் பிகாரி போஸ் பிறகு இங்கே வந்தார். இந்திய சுதந்திர லீக்கை வழிநடத்தி, 1943 ஜூலை 4இல் சிங்கப்பூரின் கத்தே கட்டடத்தில் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தார். எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ் இளைஞர்களும் பெண்களும் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். அதே ஆண்டில், அதே தோட்டங்களிலிருந்து, ஜப்பானிய ராணுவம் பல்லாயிரம் தமிழர்களை சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பசியிலும் செத்தவர்களில் நம்மவர் எண்ணிக்கை இன்றுவரை சரியாக எண்ணப்படவில்லை. மலேசியத் தமிழ்க் குடும்பத்துக்கு ஜப்பானிய மாமியார் வருகிறார் என்றால் இதுவும் அவரோடு வீட்டுக்குள் வருகிறது. வேறு நாட்டுச் சம்பந்தம் செய்தவர்களுக்கு வேறு வரலாறு இருக்கும். அதை மூடிவைத்து விருந்து வைக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

2023இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 16இல் வந்தது. ஜப்பானில் முன்னோரின் ஆவிகள் வீட்டுக்கு வந்து திரும்பும் ஓபோன் நாட்களின் கடைசி நாளும் அதுதான். ஒகாசான் அப்போது எங்கள் வீட்டில் இருந்தார். வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிக் கால் வைத்துக் குதிரையும், கத்திரிக்காய்க்குக் கால் வைத்து மாடும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தார். ஆவிகள் குதிரையில் விரைந்து வந்து மாட்டில் மெதுவாகத் திரும்ப வேண்டுமாம். மறுபக்கம் என் அம்மா படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் படமில்லாமல் ஒரு விளக்கு மட்டும் இருந்ததைப் பார்த்து, அது யாருக்கு என்று ஒகாசான் என்னிடம் கேட்டார்.

அது என் அப்பாவின் அப்பாவுக்கு. அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. படம் எடுத்து வைக்கிற வசதி அப்போது கிடையாது. நான் அதைச் சொன்னேன். ஒகாசான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவருடைய பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். யாமேக்குப் பக்கத்து ஊரான குருமேயில் திரட்டப்பட்ட 18ஆம் படைப்பிரிவில் இருந்தவர். 1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கிய படைகளில் அதுவும் ஒன்று. அங்கிருந்து பர்மாவுக்குப் போனது. பெரியப்பா அங்கேயே இறந்தார். வீட்டுக்கு வந்த பெட்டியில் எலும்பு இல்லை, பெயர் எழுதிய ஒரு தாள் மட்டும் இருந்தது.

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் என் அம்மா நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னார்: “அவரு துப்பாக்கியோட வந்தாரு. இவரு மண்வெட்டியோட போனாரு. ரெண்டும் ஒண்ணு கிடையாது. ஆனா அந்தத் தாளைப் பார்த்து அழுதவங்க பொம்பளைங்கதான், அது தெரியும்.” நான் ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் அப்படியே ஜப்பானியத்தில் சொன்னேன். ஒகாசான் தலை வணங்கி, ஆமாம், ஒன்று கிடையாது என்றார். தாத்தாவின் விளக்குக்கு ஊதுபத்தி ஏற்ற அனுமதி கேட்டார். அம்மா தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் அவர் கேட்டபடி புத்திரி ஹார்பருக்குக் கூட்டிப்போனோம். எதிரே சிங்கப்பூரின் வடமேற்குக் கரை தெரியும். அந்த வருகையில் அவராகப் போகக் கேட்ட ஒரே இடம் அது.

நான் இதை எழுதுவதற்குக் காரணம், இப்படிப்பட்ட பேச்சு சுற்றுலா போன இடத்தில் வராது, உணவக மேசையிலும் வராது என்பதுதான். கையில் காயும் கத்தியும் இருந்தபோது வந்தது. விருந்தாளியாக உட்கார வைத்திருந்தால் அவர் அந்த விளக்கைப் பார்த்திருப்பார், கேட்டிருக்க மாட்டார்.

வேலை கொடுப்பது என்றால் வீட்டு வேலையை அவர் தலையில் கட்டுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருமகள் வேலைக்குப் போகிறாள், மாமியார் வந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டு வரவழைக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை. அவருக்குத் தெரிந்த வேலை, அவர் விட்டால் அன்று நின்றுபோகிற வேலை, அவரே தேர்ந்தெடுத்த வேலை ஒன்று போதும். மத்தியானம் முழுவதும் அவருடையது. இந்த வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு, காற்றாடியைப் போட்டுக்கொண்டு தனியாக இருக்கவும் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை பாச்சானின், அதாவது ஜப்பானியப் பாட்டியின், கதவைப் பிள்ளைகள் தட்டக் கூடாது.

மாலையில் கொசு வரும். டெங்கி இந்தப் பக்கம் உண்டு. வாசலில் உட்காரும்போது நீளக் கை உடுப்பும் கொசுவர்த்தியும் கட்டாயம். சுருள் கொசுவர்த்தியே ஜப்பானியர் கண்டுபிடித்ததுதான். 1890களில் உயேயாமா எயிச்சிரோ குச்சியாகச் செய்து விற்றதைச் சுருளாக்கச் சொன்னவர் அவர் மனைவி யூகி. இதை ஒகாசான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கொளுத்தி வைத்த சுருளுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று உட்கார்ந்து முருங்கை உருவுகிறார்கள்.

அடுத்த ஆண்டு பயணம் எதிர்த் திசையில். மலேசியாவின் மின்னியல் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 2013 ஜூலையிலிருந்து ஜப்பானுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா வேண்டியதில்லை. என் அம்மா வாழ்க்கையில் முதல் முறையாகக் கடப்பிதழ் எடுத்திருக்கிறார். ஒகாசான் அங்கிருந்து ஏற்பாடுகளைச் சொல்லிவிட்டார்: மே மாதம் வர வேண்டும், தரையில் படுக்க முடியாது என்பதால் கட்டில் வாங்கியாயிற்று, குழம்பில் மாட்டிறைச்சி சேராது, அடுப்படியில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது. யாமேயில் நிழல் போட்டு வளர்க்கும் உயர்ந்த ரகத் தேயிலையை இன்னும் கையால் பறிக்கிறார்கள். அந்தப் பறிப்பு நாட்களில் சொந்தக்காரர் தோட்டத்தில் அம்மாவுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறார். அம்மா என்னைக் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், கூடையை முதுகில் மாட்டுவார்களா இடுப்பில் கட்டுவார்களா என்று. இடுப்பில்தான் என்று பதில் வந்திருக்கிறது.